மூன்று சதவீதம் என்பது யாருடைய வாய்ப்பு?

சென்ற மாதம் என் பழைய மாணவர் ஒருவர் திருச்சியிலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் இளங்கலைப் பொருளியல் படித்தவர். இப்போது மின்சாதனக் கடை நடத்துகிறார். உடன் அவருடைய மகளும் வந்திருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகம் ஒன்றில் இயற்பியல் படிக்க வேண்டும் என்பது அவளது விருப்பம். பத்தாம் வகுப்பில் 97 சதவீத மதிப்பெண். எஸ்ஏடி தேர்வில் 1,600-க்கு 1,530. சந்தேகத்துக்கு இடமின்றிக் கெட்டிக்காரப் பெண்.

தந்தையின் கையில் வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனம் ஒன்றின் வழவழப்பான கையேடு இருந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் 20 பல்கலைக்கழகங்களின் பெயர்களும், அவற்றுக்குக் கீழே பேனாவால் வட்டமிடப்பட்ட ஓர் எண்ணும் இருந்தன: 60 சதவீதம். அதுதான் அந்தப் பெண்ணின் 'வெற்றி வாய்ப்பு' என்று ஆலோசகர் கூறியிருக்கிறார். கட்டணம் 7 லட்சம் ரூபாய். மகளுக்கென்று வாங்கிப் போட்டிருந்த மனையை விற்க அவர் பேச்சை முடித்து, முன்பணமும் பெற்றுவிட்டார். "பத்திரம் பதிவதற்கு முன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வந்தேன், சார்" என்றார்.

அந்த 60 எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க எனக்குச் சற்று நேரம் ஆயிற்று. கண்டுபிடித்தபோது சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. புகழ்பெற்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் சேர்க்கை விகிதம் ஏறத்தாழ 3 சதவீதம். 'காமன் ஆப்' எனப்படும் பொது விண்ணப்பத் தளத்தின் வழியாக ஒருவர் 20 கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம். மூன்றை இருபதால் பெருக்கினால் அறுபது!

இந்தக் கணக்குப்படி 34 பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க முடிந்தால் வெற்றி வாய்ப்பு 102 சதவீதமாகிவிடும். நிகழ்தகவு அப்படிக் கூடுவதில்லை. ஒவ்வொன்றிலும் நிராகரிக்கப்படும் வாய்ப்பு 97 சதவீதம் என்றால், இருபதிலும் நிராகரிக்கப்படும் வாய்ப்பு 0.97-ஐ இருபது முறை பெருக்கக் கிடைப்பது. அதாவது, சுமார் 54 சதவீதம். ஆக, ஏதேனும் ஓரிடத்திலாவது இடம் கிடைக்கும் வாய்ப்பு 46 சதவீதம் என்றுதான் வரும். ஆனால், இந்த 46-உம் பொய்யே. இருபது முடிவுகளும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்ற அனுமானத்தின் மேல் அது நிற்கிறது. பரிசுச் சீட்டுக்கு அந்த அனுமானம் பொருந்தும். இங்கே இருபது இடங்களுக்கும் போவது ஒரே மாணவியின் ஒரே மதிப்பெண் பட்டியல், ஒரே கட்டுரை, ஒரே பரிந்துரைக் கடிதங்கள். ஓரிடத்தில் எடுபடாத விண்ணப்பம், அதே அளவுகோல் கொண்ட அடுத்த இடத்திலும் எடுபடாமல் போகவே வாய்ப்பு அதிகம்.

சரி, அந்த 3 சதவீதமாவது உண்மையா? 2024-ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இளநிலைப் படிப்புக்கு 54,008 பேர் விண்ணப்பித்தனர். 1,937 பேருக்கு இடம் வழங்கப்பட்டது. அதாவது 3.6 சதவீதம். மறு ஆண்டு 47,893 விண்ணப்பங்கள், 2,003 இடங்கள், 4.2 சதவீதம். ஓராண்டில் ஹார்வர்டில் சேருவது எளிதாகிவிட்டதா என்ன? கரோனா காலத்தில் கைவிடப்பட்டிருந்த நுழைவுத் தேர்வு மதிப்பெண் கட்டாயம் மீண்டும் கொண்டுவரப்பட்டது. மதிப்பெண் இல்லாமல் 'போட்டுத்தான் பார்ப்போமே' என்று விண்ணப்பித்தவர்கள் விலகிக்கொண்டார்கள். பின்னத்தின் கீழே உள்ள எண் சுருங்கியது. இந்த விகிதம் பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சொல்வதைவிட, அதன் வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

மேலும், அது ஒரு சராசரி. சராசரி ஆழத்தை நம்பி ஆற்றில் இறங்கியவனின் கதையை வகுப்பில் நான் சலிக்கச் சலிக்கச் சொல்லியிருக்கிறேன். ஹார்வர்டுக்கு எதிராகத் தொடுக்கப்பட்ட வழக்கு 2018-இல் விசாரணைக்கு வந்தபோது, அதுவரை மறைத்து வைக்கப்பட்டிருந்த சேர்க்கைத் தரவுகள் வெளியே வந்தன. பெற்றோர் அங்கு படித்தவர்கள் என்றால், அத்தகைய விண்ணப்பதாரர்களில் மூவரில் ஒருவருக்கு இடம் கிடைத்திருக்கிறது. மற்றவர்களுக்கு அதே காலத்தில் நூற்றுக்கு ஆறு பேர் என்ற அளவில்தான். விளையாட்டு வீரர்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், நன்கொடையாளர் உள்ளிட்டோர் இடம்பெறும் 'டீன் விருப்பப் பட்டியல்', பேராசிரியர்களின் பிள்ளைகள் ஆகிய நான்கு வகையினர், சேர்க்கை பெற்ற வெள்ளையின மாணவர்களில் 43 சதவீதம் என்று பொருளியல் அறிஞர் பீட்டர் ஆர்சிடியாகோனோவும் அவரது சகாக்களும் கணக்கிட்டனர். 2023 ஜூனில் அமெரிக்க உச்சநீதிமன்றம் இனத்தைக் கருத்தில் கொள்ளும் சேர்க்கை முறைக்குத் தடை விதித்தது. பரம்பரைச் சலுகையை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. எம்ஐடி அந்தச் சலுகையை அளிப்பதில்லை; ஆம்ஹர்ஸ்ட், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆகியவை கைவிட்டுவிட்டன; பல இடங்களில் அது இன்றும் தொடர்கிறது.

திருச்சிக் கடைக்காரரின் மகளுக்கு இந்த வாசல்களில் எதுவும் திறந்திருக்கவில்லை. அவளுக்கான விகிதம் சராசரியைவிடக் குறைவாகத்தான் இருக்கும். எவ்வளவு குறைவு என்பதை மாசசூசெட்ஸ் எம்ஐடி (குரோம்பேட்டையில் உள்ளது வேறு) ஒளிவுமறைவின்றி வெளியிடுகிறது. அண்மை ஆண்டுகளில் அங்கு அமெரிக்கக் குடிமக்களின் சேர்க்கை விகிதம் 5 சதவீதத்துக்கு மேல். வெளிநாட்டவருக்கு 2 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. வெளிநாட்டு மாணவர்கள் இளநிலை வகுப்பில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்குமாறு பார்த்துக்கொள்வதே காரணம். உலகத்தின் மற்ற நாடுகள் அனைத்தும் அந்தப் பத்தில் ஒரு பங்குக்குள் முட்டி மோதிக்கொள்ள வேண்டும்.

இதற்கு அடுத்ததுதான் பெற்றோர் அதிகம் அறியாத, ஆலோசகர்கள் அதிகம் பேசாத விஷயம்: பணம்.

இந்தப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம், விடுதி, உணவு எல்லாம் சேர்த்து ஓராண்டுச் செலவு 80,000 டாலருக்கு மேல். நம் கணக்கில் 70 லட்சம் ரூபாய்க்குக் குறையாது. நான்காண்டுக்கு ஏறத்தாழ 3 கோடி. என் மாணவரால் அதில் ஒரு சிறு பகுதியைக்கூடத் தர இயலாது. நிதியுதவி இல்லாமல் சேர்க்கைக் கடிதம் வந்தால் அதை அவர் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

'நீட் பிளைண்ட்' என்றொரு சொல் அங்கு வழக்கில் உள்ளது. நம் ஊர் நீட் தேர்வுக்கும் இதற்கும் தொடர்பில்லை. விண்ணப்பதாரரின் குடும்பத்தால் பணம் கட்ட முடியுமா என்பதைப் பார்க்காமலே தேர்வு செய்யும் கொள்கை அது; அதோடு, தேவைப்படும் முழுத் தொகையையும் தாமே ஏற்கும் இடங்களும் உண்டு. அமெரிக்க மாணவர்களுக்கு இப்படிச் செய்யும் பல்கலைக்கழகங்கள் பல உண்டு. வெளிநாட்டு மாணவர்களுக்கும் அவ்வாறே செய்பவை ஏறத்தாழ பத்துதான். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் ஆகியவை நெடுங்காலமாக. டார்ட்மத், போடன், பிரவுன், நோட்டர் டேம் போன்றவை அண்மையில். ஸ்டான்ஃபோர்டு, கார்னெல், கொலம்பியா போன்ற இடங்களில் வெளிநாட்டவர் விண்ணப்பத்தில் 'நிதியுதவி தேவையா' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று குறித்தால், அது தேர்விலேயே கணக்கில் கொள்ளப்படும். அவர்களும் உதவி தருகிறார்கள். ஆனால், ஒதுக்கிய தொகை அளவோடு இருப்பதால், பணம் கேட்பவருக்கான வரிசை நீளமானது, வாசல் குறுகலானது.

வாங்குபவரின் வருமானத்தையும் சொத்தையும் முழுமையாகத் தெரிந்துகொண்ட பிறகு விலை சொல்லும் வணிகர் என்று ஒருவரைப் பொருளியல் பாடநூல்கள் கற்பனையாக விவரிக்கும். உண்மை வாழ்க்கையில் அத்தகைய வணிகர் கிடையாது என்று மாணவர்களிடம் நான் கூறியது தவறு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அதைத்தான் செய்கின்றன. இதில் ஏழைக்கு நன்மையும் உண்டு. ஆண்டு வருமானம் ஒரு லட்சம் டாலருக்குள் இருக்கும் குடும்பத்து மாணவர்களுக்கு, வழக்கமான அளவு சொத்தே இருந்தால், முழுச் செலவையும் தானே ஏற்பதாக ஹார்வர்டு 2025-இல் அறிவித்தது. உள்ளே நுழைந்துவிட்டால், என் மாணவருக்கு அங்கு ஆகும் செலவு, நம் தனியார் பொறியியல் கல்லூரியில் ஆவதைவிடக் குறைவாக இருக்கும். நுழைவதுதான் பிரச்சினை. பணமில்லாத உலகத்துத் திறமைசாலிகள் அனைவரும் அந்தப் பத்து வாசல்களில்தான் நிற்கிறார்கள்.

ஆலோசகர் தந்த இருபது பெயர்களை இந்தக் கண்ணோடு பார்த்தேன். ஐந்து மட்டுமே பணவசதி பாராதவை. ஆறேழு இடங்கள், உதவி கேட்டால் வாய்ப்பு குறையும் தனியார் பல்கலைக்கழகங்கள். எஞ்சியவற்றில் பெரும்பாலானவை அரசுப் பல்கலைக்கழகங்கள். வெளிநாட்டு இளநிலை மாணவருக்குக் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி வழங்கும் வழக்கம் அவற்றில் அநேகமாக இல்லை. அங்கு இடம் கிடைக்கலாம், போக முடியாது. ஆம்ஹர்ஸ்ட் பட்டியலில் இல்லை. 'கேள்விப்படாத பெயராக இருக்கிறதே சார்' என்றார் தந்தை. பொருளியல் நோபல் பெற்ற ஜோசஃப் ஸ்டிக்லிட்ஸ் இளநிலை படித்த இடம் அது என்று சொன்ன பிறகுதான் குறித்துக்கொண்டார். பெயர் தெரிந்த இடத்துக்கே விண்ணப்பிக்கும் பழக்கத்தால் நம் பிள்ளைகள் இழப்பவை ஏராளம்.

ஆறு இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 2 சதவீதம், முடிவுகள் தொடர்பற்றவை என்று தாராளமாகவே அனுமானித்தாலும், ஒன்றிலாவது கிடைக்கும் வாய்ப்பு 11 சதவீதம். அறுபது எங்கே, பதினொன்று எங்கே! அந்தப் பெண்ணின் சொந்த வாய்ப்பு இதைவிடக் கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். அதைத் தீர்மானிப்பவை எண்களுக்கு அப்பாற்பட்டவை.

தமிழ்நாட்டில் வளர்ந்த குடும்பங்களுக்கு இதுதான் புரிபடுவதில்லை. நமக்குக் கட்-ஆஃப் தெரியும், தரவரிசைப் பட்டியல் தெரியும், கலந்தாய்வு தெரியும். 195 எடுத்தவருக்கு முன்னால் 194 எடுத்தவரை அழைத்தால் நீதிமன்றத்துக்குப் போகலாம். அமெரிக்காவில் தரவரிசைப் பட்டியலே கிடையாது. மாணவரின் ஆளுமை, ஈடுபாடு, பின்னணி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் 'முழுமைப் பார்வை' அவர்களுடைய முறை. அதன் பிறப்பு அவ்வளவு பெருமைக்குரியதன்று. 1920-களில் ஹார்வர்டில் யூத மாணவர்களின் பங்கு ஐந்தில் ஒன்றைத் தாண்டியபோது, தலைவர் லாரன்ஸ் லோவெல் வெளிப்படையாகவே ஒதுக்கீட்டு வரம்பு கொண்டுவர முயன்றார். எதிர்ப்பு எழுந்தது. பின்னர், தேர்வு மதிப்பெண்ணோடு 'குணநலன்' என்ற அளக்க முடியாத ஒன்றும் சேர்க்கையில் நுழைந்தது. யூதர் எண்ணிக்கை குறைந்தது. இந்த வரலாற்றைச் சமூகவியலாளர் ஜெரோம் கராபெல் 2005-இல் வெளியான நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். நூறாண்டு கழித்து, ஆசிய அமெரிக்க மாணவர்களுக்கு ஆளுமை மதிப்பீட்டில் குறைந்த புள்ளிகள் தரப்பட்டன என்பதே ஹார்வர்டு வழக்கில் வாதிகளின் முக்கியக் குற்றச்சாட்டாக இருந்தது.

ஆனாலும், அந்த முறையை முற்றிலும் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒற்றை மதிப்பெண்ணில் மனிதரை அளக்கும் நம் முறையின் கொடுமைகளையும் முப்பத்தைந்து ஆண்டுகள் பார்த்தவன் நான். கேள்வி கேட்கத் தெரிந்த மாணவர்களும் உண்டு, விடை எழுத மட்டும் தெரிந்த மாணவர்களும் உண்டு; நம் பட்டியலில் இருவரும் ஒன்றே.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். பணியில் இருந்த காலத்தில் அமெரிக்க முனைவர் பட்டப் படிப்புக்கு விண்ணப்பித்த மாணவர்கள் பலருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதியிருக்கிறேன். எல்லோருக்கும் ஒரே கடிதம்தான்: 'பணிவானவர், ஒழுக்கமானவர், வகுப்புக்குத் தவறாமல் வருபவர், கடின உழைப்பாளி.' அவர்களில் ஒருவர், நான் கரும்பலகையில் போட்ட தேவைக் கோட்டு விளக்கத்தில் இருந்த பிழையைச் சுட்டிக்காட்டி, மறுநாள் இரண்டு பக்கத்தில் மாற்று நிரூபணம் எழுதி வந்தவர். அதைப் பற்றி ஒரு வரியும் நான் எழுதவில்லை. அது பரிந்துரைக் கடிதத்தில் இடம்பெறத் தக்க செய்தி என்றே எனக்குத் தோன்றவில்லை. அந்த ஆண்டு அவருக்கு எங்கும் இடம் கிடைக்கவில்லை. பின்னர் வேறு வழியில் அங்கு சென்று, இன்று பேராசிரியராக இருக்கிறார். சேர்க்கைக் குழுவில் அமர்ந்த அனுபவத்தில் ஒருநாள் தொலைபேசியில் சொன்னார்: "சார், 'பணிவானவர்' என்று ஒரு கடிதம் வந்தால், இவரைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை என்றுதான் இங்கே புரிந்துகொள்வார்கள்." என் கடிதம்தான் அவரைத் தடுத்தது என்று நிரூபிக்க முடியாது, தடுக்கவில்லை என்றும் நிரூபிக்க முடியாது.

பல்கலைக்கழகத்தின் வாசலைத் தாண்டினாலும் தூதரகத்தின் வாசல் இருக்கிறது. 2023-24 நிதியாண்டில் உலகெங்கும் எஃப்-1 மாணவர் விசாவுக்கு வந்த விண்ணப்பங்களில் ஏறத்தாழ 41 சதவீதம் நிராகரிக்கப்பட்டன. 2025 மே மாதம் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் உரிமையையே ஹார்வர்டிடமிருந்து அமெரிக்க அரசு பறித்தது. மறுநாளே நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. அதே மாத இறுதியில் மாணவர் விசாவுக்கான புதிய நேர்காணல்கள் சில வாரங்களுக்கு நிறுத்தப்பட்டன. மீண்டும் தொடங்கியபோது சமூக ஊடகக் கணக்குகளை ஆராயும் நிபந்தனை சேர்ந்தது. செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதிக்கப்பட்டது. அக்டோபரில் ஒன்பது பல்கலைக்கழகங்களுக்கு வெள்ளை மாளிகை அனுப்பிய ஒப்பந்த வரைவில், இளநிலை மாணவர்களில் வெளிநாட்டவர் 15 சதவீதத்துக்கு மேல் கூடாது, ஒரே நாட்டிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றொரு வாசகம் இருந்தது. எம்ஐடி முதலில் மறுத்தது. ஒரே நாடு என்ற அந்த வரம்பு எந்த நாடுகளைக் குறி வைத்தது என்று விளக்கத் தேவையில்லை. அந்த வரைவு செயலுக்கு வராமலே போகலாம். ஆனால், இன்று விண்ணப்பிக்கும் பெண் பட்டம் பெறுவது 2030-இல். அதுவரை விதிகள் எத்தனை முறை மாறும் என்று கணிக்கும் பொருளியல் மாதிரி எதுவும் என்னிடம் இல்லை.

இத்தனை இடர்களுக்கும் ஈடான பலன் உண்டா? ஸ்டேசி டேல், ஆலன் குருகர் ஆகிய இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு என் துறையில் புகழ்பெற்றது. ஒரே வகையான கல்லூரிகள் ஏற்றும் நிராகரித்தும் இருந்த மாணவர்களை ஒப்பிட்டபோது, அதிகப் போட்டியுள்ள கல்லூரியில் படித்ததால் மட்டும் சராசரி வருமானம் கூடிவிடவில்லை. ஏழைக் குடும்பத்து மாணவர்கள் மட்டும் விதிவிலக்கு. ராஜ் செட்டி குழுவினர் 2023-இல் இந்தச் சித்திரத்தைச் சற்றுத் திருத்தினார்கள். சராசரி வருமானத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால், உச்ச ஒரு சதவீத வருமானத்தை எட்டும் வாய்ப்பும், பெயர்பெற்ற நிறுவனங்களில் நுழையும் வாய்ப்பும் கணிசமாகக் கூடுகின்றன என்றார்கள். ஒரே மதிப்பெண் பெற்ற நடுத்தர வர்க்க மாணவரைவிட, உச்ச ஒரு சதவீதப் பணக்காரக் குடும்பத்து மாணவர் அங்கு சேர்ந்து படிக்கும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல் என்பதையும் அதே ஆய்வுதான் காட்டியது. இவையெல்லாம் அமெரிக்க மாணவர்களைப் பற்றிய ஆய்வுகள். நமக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன்.

அந்தப் பெண்ணிடம் வேறொரு எண்ணைக் காட்டினேன். 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அவர்களில் இளநிலைப் படிப்பில் இருந்தவர்கள் 36 ஆயிரம் பேர்தான். மற்ற பெரும்பாலோர் இங்கே பட்டம் பெற்று, மேற்படிப்புக்குச் சென்றவர்கள். இயற்பியலில் முனைவர் பட்டத்துக்குப் போகிறவருக்கு அங்கு பொதுவாகக் கட்டணமும் கிடையாது, உதவித்தொகையும் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம், திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் உள்ள ஐஐஎஸ்இஆர், சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனம் ஆகியவை இயற்பியலை நேசிக்கும் மாணவிக்குப் 'போனால் போகட்டும்' இடங்கள் அல்ல. 22 வயதில் அமெரிக்காவுக்குப் போகும் பாதை, 18 வயதில் போகும் பாதையைவிட அகலமானது.

"அப்படியானால் இப்போது விண்ணப்பிக்க வேண்டாம் என்கிறீர்களா, சார்?" என்று நேராகக் கேட்டாள். இல்லை என்றேன். மனையை விற்க வேண்டாம் என்று மட்டும்தான் சொன்னேன். ஆறு இடங்கள் போதும். விண்ணப்பக் கட்டணத்துக்கு விலக்குக் கேட்கலாம். பல பல்கலைக்கழகங்கள் வெளியிடும் 'காமன் டேட்டா செட்' அறிக்கையில், வெளிநாட்டு மாணவர் எத்தனை பேருக்கு எவ்வளவு உதவி வழங்கப்பட்டது என்ற விவரம் இருக்கிறது. அதை யாரும் இலவசமாகப் படிக்கலாம். அமெரிக்க அரசின் ஆதரவில் இயங்கும் எஜுகேஷன் யுஎஸ்ஏ மையம் சென்னையிலும் உண்டு. கட்டுரையை அவளே எழுத வேண்டும். பழுதான ஸ்டெபிலைசர்களைக் கடையின் பின்னறையில் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று அவள் தந்தை பேச்சுவாக்கில் சொன்னார். ஆலோசகர் தந்திருந்த மாதிரிக் கட்டுரையிலோ ஆதரவற்றோர் இல்லத்துக்கு ஒரு நாள் சென்று வந்த அனுபவம் இருந்தது.

கடந்த வாரம் மனைக்கு வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகத் தந்தை தொலைபேசியில் தெரிவித்தார். வாங்கியவர் முகம் சுளித்தாராம். ஜனவரி முதல் தேதி விண்ணப்பிக்கக் கடைசி நாள். பரிந்துரைக் கடிதம் எழுதவிருக்கும் பள்ளியின் இயற்பியல் ஆசிரியர் என்னிடம் மாதிரி கேட்டார். மாதிரி தருவதில்லை என்று சொல்லி, அந்த மாணவி வகுப்பில் கேட்ட கேள்விகளில் இன்றும் நினைவில் நிற்பது எது என்று மட்டும் எழுதச் சொன்னேன். நேற்று அவருடைய இரண்டாவது வரைவு வந்தது. மின்தூண்டல் பாடத்தில் அவள் கேட்ட கேள்வியைப் பற்றி முக்கால் பக்கம் எழுதியிருக்கிறார். 'பணிவானவர்' இன்னும் முதல் வரியில் இருக்கிறது.